கைமாத்தும் கைம்மாறும்

திங்கட்கிழமை மகளுக்கு மராத்தி பரீட்சை. "அப்பா, இந்தப் பாட்டி ஸ்கூலுக்கே போகலையாம். இவங்க பாட்டை நாங்க ஏன் படிக்கணும்?" என்றாள். நியாயமான கேள்விதான். பி.காம். படித்த எனக்கு மராத்திக் கவிதை எங்கே தெரியும்? பக்கத்து வீட்டு காக்குதான் வந்து உட்கார்ந்து கதை சொன்னார்.

பாட்டி பெயர் பஹிணாபாய் சௌதரி. 1880-இல் ஜள்காவ் பக்கம் ஆசோதே கிராமத்தில் பிறந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. வயலில் வேலை செய்துகொண்டே, திருகையில் மாவு அரைத்துக்கொண்டே பாடுவாராம். மகன் சோபான்தேவ் எழுதி வைத்தார். 1951-இல் பாட்டி போன பிறகு அந்த நோட்டு ஆச்சார்ய அத்ரே கைக்குப் போய், 1952-இல் புத்தகமானது. விதைப்பு, களத்துமேடு, தூக்கணாங்குருவிக் கூடு... 2018-இல் ஜள்காவ் பல்கலைக்கழகத்துக்கே அவர் பெயர் வைத்துவிட்டார்கள்.

"மண்ணுக்கு நாம கடன்பட்டவங்க, அதைத்தான் பாடுறா" என்றார் காக்கு. கடன் என்றதும் என் புத்தி ஆபீசுக்குப் போய்விட்டது. நம்மூரில் கைமாத்து என்போமே, பத்திரம் எழுதாத கடன். அதற்குப் பெரியண்ணன் மாதிரி ஒரு சொல், கைம்மாறு. மழையைப் பற்றிச் சொல்லும்போது வள்ளுவர் எடுத்த சொல்.

அதே தலைப்பில் நம்ம சுகிர்தராணி ஒரு கவிதை எழுதியிருக்கிறார். இராணிப்பேட்டை பக்கம் லாலாப்பேட்டைக்காரர், அரசுப் பள்ளித் தமிழாசிரியை. கவிதை, கையால் மலம் அள்ளும் பெண்களைப் பற்றியது. (1993-லேயே சட்டம் போட்டுத் தடுத்த வேலை. போதாமல் 2013-இல் இன்னொரு சட்டம்!) அதுவும் 'என் உடல்' கவிதையும் தில்லிப் பல்கலைக்கழக ஆங்கில ஆனர்ஸ் பாடத்தில் இருந்தன. 2021 ஆகஸ்டில் தூக்கிவிட்டார்கள். கூடவே பாமாவின் 'சங்கதி'யும், ஆதிவாசிப் பெண்ணைப் பற்றிய மகாஸ்வேதா தேவியின் 'திரௌபதி' கதையும் போயின.

குருவிக்கூட்டைப் பாடினால் இயற்கை, மலக்கூடையைப் பாடினால் சர்ச்சையா? பஹிணாபாயை நான் குறை சொல்லவில்லை. அமெரிக்காவிலும் இந்தக் கணக்கு இருந்திருக்கிறது. கறுப்பினக் கவிஞர்களின் இயற்கைக் கவிதைகளுக்கென்று 2009-இல் கமில் டங்கி 'பிளாக் நேச்சர்' என்று தனியாகவே ஒரு தொகுப்பு போட வேண்டியிருந்தது. அடிமையாக உழுதவர்களின் பேத்திக்கு மரம் என்றால் நிழல் மட்டுமில்லை, ஆளைத் தூக்கில் மாட்டிய கிளையும்தான்.

எங்கள் காட்கோபரில் காற்று திரும்பினால் தேவ்னார் குப்பைமேட்டு வாடை வரும். 1927-இல் கொட்ட ஆரம்பித்த இடம். 2016 ஜனவரியில் எரிந்தபோது புகை செயற்கைக்கோள் படத்திலேயே தெரிந்தது. நாங்கள் ஜன்னலைச் சாத்தினோம். அங்கே குப்பை பொறுக்குகிறவர்கள் எதைச் சாத்துவது?

மகளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். 'கைம்மாறு' கவிதையை நானே வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவள், "நம்ம வீட்டுக் குப்பை எடுக்க வர்ற மௌஷி பேர் என்னப்பா?" என்றாள்.

ஆறு வருஷமாக வருகிறார். எனக்குத் தெரியவில்லை. காக்குவைப் பார்த்தேன். அவருக்கும் தெரியவில்லை.