சிக்கோ ஆற்றின் உடன்படிக்கை

பிலிப்பைன்சின் லூசோன் தீவில், வடக்கே உயர்ந்து நிற்கின்றன கோர்டில்லெரா மலைகள். அங்குப் பிறந்து பாயும் சிக்கோ ஆற்றின் கரைகளில் பொந்தோக், கலிங்கா பழங்குடியினர் மலைச்சரிவைப் படிப்படியாகச் செதுக்கி நெல் விளைவித்து வாழ்ந்தனர். 1970-களில், இராணுவச் சட்டத்தின்கீழ் ஆண்ட மார்க்கோஸ் அரசு அவ்வாற்றில் நான்கு அணைகளைக் கட்டி மின்சாரம் பெறத் திட்டமிட்டது. வயல்களும் ஊர்களும் முன்னோர் கல்லறைகளும் நீரில் மூழ்கவிருந்தன.

இம்மக்களிடையே தலைமுறைப் பகை இருந்தது. பழிக்குப் பழி வாங்குவதைத் தடுக்க, இரு குழுக்கள் தமக்குள் செய்துகொள்ளும் சமாதான உடன்படிக்கைக்குப் 'போதோங்' என்று பெயர். 1975-இல் அவர்கள் அதனை விரிவாக்கினர். பகை மறந்து பல ஊரார் ஒன்றுகூடி, அணைப்பணிக்குத் துணைபோவதில்லையென உறுதி பூண்டனர். அளவையாளர்களின் கூடாரங்களைப் பெண்களே பிடுங்கி அகற்றினர். பொந்தோக் மண்ணின் மைந்தரான இயேசு சபை ஆயர் பிரான்சிஸ்கோ கிளாவெர் அவர்களுக்காகக் குரல் கொடுத்தார்.

1980 ஏப்ரல் 24 அன்று இரவு, கலிங்கா தலைவர் மாக்லி-இங் டுலாக் தம் இல்லத்தில் இராணுவத்தினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். எதிர்ப்பு அடங்கவில்லை, பெருகியது. உலக வங்கி பின்வாங்கியது. நான்கு அணைத் திட்டம் கைவிடப்பட்டது. அவர் மறைந்த நாளே இன்று 'கோர்டில்லெரா நாள்'.

திருப்பலியில் நாமும் ஒருவருக்கொருவர் சமாதானம் கூறுகிறோம். அச்சொல்லை அடங்கிப்போதல் என்றே பலவேளை பொருள் கொள்கிறோம். அயலாரோடு ஒப்புரவாகி, அநீதியின்முன் ஒன்றாய் நிற்பதும் சமாதானமே என்பதை அம்மலைமக்கள் வாழ்ந்து காட்டினர். சிக்கோ ஆற்றங்கரை ஊர்கள் இன்றும் அதற்குச் சாட்சி.