திரும்பி வருவோம் என்று எழுதி வைத்துவிட்டுப் போன ஊர்



ராஜாக்களையும் போர்த் தேதிகளையும் 30 வருடத்துக்கு மேல் வகுப்பில் நடத்தியவன் நான். ஓய்வுக்குப் பிறகு, சாதாரண ஜனங்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று தேடிப் படிக்கிறேன். அப்படிப் படித்ததில் மனதை விட்டு அகலாத ஊர், இங்கிலாந்தின் தென்கரையில் டோர்செட் பகுதியில் உள்ள டைன்ஹாம்.

பள்ளத்தாக்கில் ஒரு சின்ன ஊர். ஒரு தேவாலயம், ஒரு பள்ளிக்கூடம், வரிசையாகச் சில கல் வீடுகள். அதில் ஒன்றுதான் தபால் நிலையம், கடையும் அதுவே. நிலம் பாண்ட் என்ற குடும்பத்துக்குச் சொந்தம். மற்றவர்கள் வாடகைக் குடிகள். பண்ணை வேலை, ஆடு மேய்ப்பு, பக்கத்து வோர்பரோ கடற்கரையில் மீன்பிடிப்பு என்று பிழைப்பு. மின்சாரம் கிடையாது. தண்ணீருக்குப் பொதுக் குழாய். 1929-ல் தெருவில் தொலைபேசிக் கூண்டு வந்தது. வெளியூருக்குப் பேச அது ஒரு வழி.

ஆசிரியனாக என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது பள்ளிக்கூடம்தான். பிள்ளைகள் குறைந்துபோய் 1932-லேயே அதை மூடிவிட்டார்கள். ஆக, போர் வருவதற்கு முன்பே ஊர் மெல்லக் கரையத் தொடங்கியிருந்தது. அங்கே எல்லாம் சொர்க்கமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் 1943 நவம்பரில் நடந்தது வேறு. ராணுவப் பயிற்சிக்கு இடம் வேண்டும், ஒரு மாதத்தில் காலி செய்யுங்கள் என்று கடிதம் வந்தது. சுற்றுவட்டாரத்தையும் சேர்த்து சுமார் 225 பேர் கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன் கிளம்பினார்கள். தேவாலயக் கதவில் ஒரு குறிப்பை ஒட்டிவிட்டுப் போனார்கள்: போரில் வெல்ல உதவத்தான் வீடுகளைக் கொடுக்கிறோம், பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒருநாள் திரும்பி வருவோம் என்பது அதன் சாரம்.

போர் முடிந்தது. வீடு திரும்பவில்லை. 1948-ல் அரசு கட்டாயக் கொள்முதல் செய்து, நிலத்தை ராணுவத்துக்கே வைத்துக்கொண்டது. இன்றும் அது பீரங்கிப் பயிற்சிக் களம். பெரும்பாலான வார இறுதிகளில் பார்வையாளர்களை அனுமதிக்கிறார்கள். வீடுகள் கூரையில்லாமல் நிற்கின்றன. பள்ளிக்கூடத்தைப் பழையபடி சீரமைத்திருக்கிறார்கள். கோட்டு மாட்டும் கொக்கிகளில் பிள்ளைகளின் பெயர்கள் இருக்கின்றன.

தானாகத் தேய்கிற ஊர் வேறு, வாக்கை நம்பிக் கொடுத்த ஊர் வேறு. தங்குவதா போவதா என்று முடிவெடுக்கும் உரிமை அந்த ஜனங்களுடையது. அதைத்தான் எடுத்துக்கொண்டார்கள். 'தற்காலிகம்' என்ற சொல்லை எங்கே பார்த்தாலும் எனக்கு டைன்ஹாம் நினைவுக்கு வருகிறது.

 உங்கள் கருத்தையும் எழுதுங்கள்.