நப்தலீன் எழுப்பிய வினா

அந்துருண்டை செய்ய நெடுங்காலம் பயன்பட்டு வந்த நப்தலீனை அறியாதார் இலர். பத்துக் கரி அணுக்கள், ஒரு பக்கத்தைப் பொதுவாகக் கொண்ட இரு அறுகோணங்களாக அமைந்தது அதன் மூலக்கூறு. கந்தக அமிலம் கலந்த நைட்ரிக் அமிலம் அதனைத் தாக்குங்கால், வளையங்கள் கூடும் சந்திக்கு அடுத்துள்ள முதலாம் இடத்தையே பெரும்பாலும் பற்றுகிறது. இரண்டாம் இடத்திற்குச் செல்வது சொற்பம். இவ்வுண்மையை 19-ஆம் நூற்றாண்டினரே அறிவர். காரணம் யாது?

1931-இல் ஜெர்மானியர் எரிக் ஹியூக்கல், இத்தகைய வளையங்களில் சில எலக்ட்ரான்கள் தனியணுக்களுக்கு உரியனவாகாமல் மூலக்கூறு முழுவதும் பரவி, 'ஆர்பிட்டல்' எனப்படும் படிகளில், படிக்கு இரண்டாக அமர்கின்றன எனக் கணித்தார். ஆயின் நப்தலீனில் அவற்றைக் கூட்டிப் பார்த்தால் ஒவ்வொரு கரி அணுவுக்கும் சரியாக ஒன்றே கிடைக்கிறது! பங்கு சமமெனில் அமிலம் ஓரிடத்தை விரும்புவானேன்? தாக்குதலின் இடைநிலையில் எஞ்சும் சக்தியைக் கணக்கிட்டு விடை கூறினோரும் உண்டு. தாக்குமுன் மூலக்கூறு இருந்த நிலையிலேயே விடையைக் கண்டவர் வேறொருவர்.

அவர் ஜப்பானில் கியோத்தோ பல்கலைக்கழகத்து எரிபொருள் இரசாயனப் பேராசிரியர் கெனிச்சி புக்குயி. நிரம்பிய குடத்தில் முதலில் சிந்துவது விளிம்பு நீரன்றோ? அதுபோல் உச்சிப் படியிலுள்ள இரு எலக்ட்ரான்களே எளிதில் கைமாறும் என்றார். அவ்விரண்டை மட்டும் பங்கிட்டால் முதலாம் இடத்திற்கு 0.362, இரண்டாம் இடத்திற்கு 0.138, சந்தி அணுக்களுக்குச் சூனியம். யொனெசாவா, ஷிங்கு ஆகியோருடன் 1952-இல் அவர் இதனை வெளியிட்டபோது வரவேற்பினும் ஐயமே மிகுந்தது. ஏனைய எலக்ட்ரான்களைப் புறக்கணிப்பது துணிச்சலான செயல்தான்.

கெட்டிக்கார மாணாக்கன் இங்கே நம்மை மடக்கலாம்: கந்தக அமிலம் மட்டும் 160 பாகை வெப்பத்தில் இரண்டாம் இடத்தை நாடுவதேன்? அவ்வினை மீளும் தன்மையது. எனவே விரைவில் தோன்றுவதன்று, உறுதிமிக்கதே இறுதியில் நிற்கிறது. உச்சிப் படி கூறுவது வேகத்தைப் பற்றியே.

1965-இல் அமெரிக்காவில் உட்வர்டு, ரோல்ட் ஹாப்மன் இருவரும் ஆர்பிட்டல்களின் கூட்டல், கழித்தல் குறிகளும் பொருந்த வேண்டுமெனக் காட்டினர். பியூட்டாடையீனும் எத்திலீனும் வெப்பத்தால் இணைந்து அறுகோண வளையமாவதும், இரு எத்திலீன்கள் அவ்வாறு எளிதில் இணையாமல் ஒளியை வேண்டி நிற்பதும் அக்குறிகளால் விளங்கின. அதன் பின்னரே புக்குயியின் பழைய கட்டுரையைப் பலர் தேடிப் படிக்கலாயினர்.

உட்வர்டு 1979-இல் காலமானார். 1981-இல் நோபல் பரிசு ஹாப்மனுக்கும் புக்குயிக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. இரசாயனத்தில் அப்பரிசு பெற்ற முதல் ஜப்பானியர் புக்குயியே. கட்டுரை வெளிவந்து அப்போது 29 ஆண்டுகள் ஆகியிருந்தன.