தேய்ந்த காசும் சாய்ந்த ஒளியும்

எழுத்தாவணம் அருகிய மக்களின் வரலாற்றை ஆராய்வோர்க்கு உலோகமும் ஓர் ஏடாகும். யாழ்ப்பாண அரசரின் மறக்கப்பட்ட நாணய மரபை 1920இல் சுவாமி ஞானப்பிரகாசர் எடுத்துரைத்தபோது அவர்க்குச் சான்றாய் நின்றவை, நந்தி உருவும் ‘சேது’ என்னும் தமிழெழுத்தும் பொறித்த சிறு காசுகளே.

தெமோதரை முதலாய ஊவாத் தோட்டங்களின் வரலாற்றுக்கும் இத்தகைய சான்றுகள் உள. 19ஆம் நூற்றாண்டிற் சில்லறை முட்டுப்பாடு நிலவியபோது, கோப்பி வணிகநிலையங்கள் தொழிலாளர்க்கு உலோக வில்லைகளை வழங்கின. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ, தமிழகத்திலிருந்து வந்தோர் தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் பொறித்த தகர வில்லையை அணிந்து பயணஞ் செய்தனர். பெயர் எழுதப்படாத ஒருவர்க்கு அவ்வெண்ணே எஞ்சிய ஆவணமாதல் கூடும். அது தேய்ந்திருப்பின், துலக்குவதாக எண்ணிப் புளியிட்டுத் தேய்ப்பது எஞ்சிய மேட்டையும் அழிப்பதாகும். தொடாது படிக்கும் வழி ஒளியே.

கமராவின் பக்கமிருந்து நேரே விழும் ஒளி மேடுபள்ளத்தை மறைக்கும்; பக்கவாட்டிற் சாய்ந்து விழும் ஒளியில் மெல்லிய மேடும் நிழல் தரும். எனினும், ஒளி செல்லும் திசைக்கு இணையான கோடு நிழல் தராமையின் ஒரு திசை ஒளி போதாது. இக்குறையை நீக்கும் முறையொன்றை 2001இல் ரொம் மல்ஸ்பெண்டர் முதலியோர் வெளியிட்டனர். காசும் கமராவும் அசையாதிருக்க, விளக்கை மட்டும் அரைக்கோள வடிவில் இடம்மாற்றிப் பல படங்கள் எடுக்கப்படும். ஒவ்வொரு புள்ளியும் எத்திசை ஒளியில் எவ்வளவு பிரகாசித்தது என்பதைக்கொண்டு அதன் சாய்வைக் கணிக்கலாம். பின்னர்க் கணினித் திரையில், வேண்டிய திசையிலிருந்து ஒளியைப் பாய்ச்சி எழுத்தைத் தேடலாம்.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டா. காசின் அருகில் வைத்த கரிய, பளபளப்பான சிறு கோளத்தில் தோன்றும் ஒளிப்புள்ளி விளக்கின் திசையை உணர்த்தும். அளந்த நூலொன்று விளக்கின் தூரத்தை மாறாது காக்கும்.

பல கோணங்களிற் படமெடுத்து முப்பரிமாண உருவை அமைப்பதற்கோ நேர்மாறான ஒளி தேவை. நிழலும் மினுக்கமும் படத்துக்குப் படம் இடம்பெயரின், கணினி பொருத்தும் புள்ளிகள் பிழைபடும். ஆகவே, உருவத்துக்குப் பரவிய மெல்லொளி, எழுத்துக்குச் சாய்ந்த ஒளி என இருவகையும் கொள்ளுதல் வேண்டும்.

படத்தோடு எடை, விட்டம், கிடைத்த இடம், வைத்திருந்த குடும்பத்தார் கூற்று ஆகியனவும் பதியப்படல் வேண்டும். தெமோதரையில் லயமொன்றின் பழம்பெட்டியில் இத்தகைய வில்லை கிடைக்குமாயின், அதனைக் கொண்டுசெல்லவேண்டியதில்லை. அங்கேயே படம்பிடித்து உரியவர் கையிலேயே விட்டுவரலாம். ஆராய்ச்சிக்குப் படமும் வீட்டார்க்கு வில்லையும் எஞ்சும்.