வெங்கடப்பாவின் மலைக்காட்சி ஓவியங்களும் முதற்பொருளும்

பெங்களூரில் கப்பன் பூங்காவை ஒட்டிச் செல்லும் கஸ்தூரிபா சாலையில், அரசு அருங்காட்சியகத்திற்கு அருகே வெங்கடப்பா கலைக்கூடம் அமைந்துள்ளது. மைசூர் அரசவை ஓவியரான கே. வெங்கடப்பாவின் (1886 - 1965) நினைவாக எழுந்த கூடம் இது. அவருடைய படைப்புகளுள் சிறப்பிடம் பெறுவன உதகமண்டலத்தையும் கொடைக்கானலையும் வரைந்த நீர்வண்ண நிலக்காட்சிகளாகும். தமிழக மலைகளைக் கன்னட நாட்டு ஓவியர் ஒருவர் தீட்டிய இவ்வோவியங்களின்பால் திணையாய்வாளர் பார்வை சென்றது மிகக் குறைவே.

மைசூர்ப் பகுதியின் நிலக்காட்சி ஓவிய வரலாறு போரோடு தொடங்குகிறது எனலாம். 1791-இல் காரன்வாலிசின் படை பெங்களூர்க் கோட்டையைக் கைப்பற்றியபோது ராபர்ட் ஹோம் என்னும் ஓவியர் அப்படையுடன் இருந்தார். அவர் வரைந்த மைசூர்க் காட்சிகள் 1794-இல் நூலாயின. பீரங்கிப் படை அதிகாரியான ஜேம்ஸ் ஹண்டரின் ஓவியங்கள் அவர் இறந்த பின் 1805-இல் இலண்டனில் வெளிவந்தன. இவர்தம் படங்களில் குன்று பெரும்பாலும் கோட்டை இருக்கும் இடமாகவே காட்சியளிக்கிறது. அழகுணர்ச்சி இல்லாமல் இல்லை. ஆயினும் அது வென்றவரின் அழகுணர்ச்சி.

வெங்கடப்பா இம்மரபில் வந்தவரல்லர். மைசூரில் வழிவழியாக ஓவியத்தொழில் செய்த குடும்பத்தில் பிறந்தவர். மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவால் முதலில் சென்னைக் கலைப்பள்ளியிலும், 1909 முதல் கல்கத்தாக் கலைப்பள்ளியில் அவனீந்திரநாத் தாகூரிடமும் பயின்றார். நந்தலால் போஸ் அவருடைய உடன்பயின்றவர். சகோதரி நிவேதிதையும் ஆனந்த குமாரசுவாமியும் எழுதி 1913-இல் வெளிவந்த இந்து, பௌத்த தொன்மக் கதைகள் பற்றிய நூலுக்கு வெங்கடப்பா இராமாயணக் காட்சிகளை வரைந்தளித்தார். அவனீந்திரநாத்தின் இந்திய ஓவிய உடலமைப்பு பற்றிய நூலின் வரைபடங்களிலும் அவர் கை உண்டு. தொன்மக் கதைமாந்தரும் உடலின் அளவைகளுமே அக்காலத்தில் அவருக்குப் பொருள்களாயின என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

கல்கத்தாவில் அவர் கண்ட கழுவல் முறை பற்றியும் கூறவேண்டும். 1903-இல் கல்கத்தாவுக்கு வந்த யொகொயாமா தைக்கான், ஹிஷிதா ஷுன்சோ ஆகிய ஜப்பானிய ஓவியரின் தொடர்பால் அவனீந்திரநாத் வகுத்துக்கொண்ட முறை அது. வண்ணம் தீட்டிய தாளை நீரில் நனைத்து, மீண்டும் தீட்டி, மீண்டும் நனைப்பர். கோடுகள் கரைந்து, நிறங்கள் ஒன்றனுள் ஒன்று மங்கும். மூடுபனிக்கு இதனினும் ஏற்ற பயிற்சி வேறொன்றில்லை.

மைசூர் திரும்பிய வெங்கடப்பா வீணை சேஷண்ணாவிடம் (1852 - 1926) வீணை பயின்றார். அப்பித்து மிகுந்த நிலையைத் தாமே எள்ளி ஓர் ஓவியமும் தீட்டினார். திருமணம் செய்துகொள்ளாமல் துறவியைப்போல் வாழ்ந்தார். அரண்மனைக்குச் சுதைப் புடைப்புச் சிற்பங்கள் செய்தார். மலைக்காட்சிகள் 1920களிலும் 1930களிலும் உருவாயின.

இவற்றில் மாந்தர்க்கு முதன்மை இல்லை. கதை இல்லை, தலைவனும் தலைவியும் இல்லை. இடமும் பொழுதுமே பொருள். பருவமழை மேகம் கலைதல், நிலவொளியில் உதகை, ஏரித் தோற்றம் என்றாற்போல ஓவியங்களின் பெயர்களே நிலத்தையும் காலத்தையும் சுட்டி நின்றுவிடுகின்றன. தொல்காப்பியர் முதற்பொருள் எனக் கூறுவது இவ்விரண்டையுமே. ஆனால் முதல், கரு, உரி என்னும் மூன்றனுள் ஒன்றைவிட ஒன்று சிறந்து வருவதாக அவர் கூறுதலின், அகப்பாட்டில் உரிப்பொருளே தலைமை பெறுகிறது. முதற்பொருள் இன்றியும் பாட்டு அமையும். உரிப்பொருள் இன்றி அமையாது. வெங்கடப்பாவிடம் இம்முறை தலைகீழாகிறது. குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் யாமமும் உரிய பொழுதுகள். நிலவு காயும் மலையிரவை அவர் தீட்டும்போது குறிஞ்சியின் முதற்பொருள் முழுமையாக இருக்கிறது. புணர்தற்குரியார் மட்டும் அங்கில்லை. அந்த வெறுமையை நிரப்புபவர் காண்பவரே.

இதனைக் கொண்டு வெங்கடப்பா சங்க இலக்கியம் கற்றார் என்று கூறத் துணிவது பிழை. தமிழ்ப் பெருமை பேசும் ஆர்வத்தில் அவ்வாறு எழுதிவிடுதல் எளிது. அவர் கற்றது வங்காளக் கழுவல் முறை, கண்டது மலை. மேலும் அவர் கண்ட மலை கபிலர் கண்ட மலையும் அன்று. உதகை ஏரி 1820களில் ஜான் சல்லிவன் அமைத்தது. கொடைக்கானல் ஏரி 1863-இல் வேர் லெவிஞ்ச் அமைத்தது. குறிஞ்சி நிலத்தில் வெள்ளை ஆட்சியர் கோடைக்குத் தங்கக் கட்டிய ஊர்களே அவர் தூரிகைக்கு எதிரே இருந்தன. இயற்கை என்று அவர் ஓவியத்தில் தோன்றுவதில் ஒரு பகுதி மனிதன் வெட்டித் தேக்கிய நீர். திணைக் கோட்பாட்டைச் சூழலியல் நோக்கில் பயன்படுத்துவோர் இவ்விடத்தில் நின்று எண்ணவேண்டும். நிலம் வரலாற்றோடு மாறுவது எனின், முதற்பொருளை மாறாததாகக் கொள்ளும் நம் வழக்கம் எவ்வளவு பொருந்தும்?

1940-இல் மன்னர் மறைந்தபின் வெங்கடப்பா மைசூரை விட்டுப் பெங்களூரில் குடியேறி, இறுதிவரை அங்கேயே வாழ்ந்தார். அவர் பெயரிலான கலைக்கூடம் 1970களில் எழுந்தது. அதன் பராமரிப்பைத் தனியார் அறக்கட்டளை ஒன்றிடம் ஒப்படைக்க 2015-இல் கர்நாடக அரசு ஒப்பந்தம் செய்ததும், 2016-இல் பெங்களூர் ஓவியர் பலர் கூடத்தின் முன் திரண்டு அதனை எதிர்த்ததும் அண்மை வரலாறு. பொதுச்சொத்து யாருடையது என்னும் வினாவே அப்போராட்டத்தில் முன்னின்றது.

நீர்வண்ணம் ஒளிபட வெளிறும் இயல்பினது. தாளின் வெண்மையே பனியாகவும் நிலவாகவும் நிற்கும் ஓவியத்தில் தாள் பழுப்பேறினால் பொழுதே மாறிவிடும். கல்வெட்டுக்கும் ஓலைச்சுவடிக்கும் காட்டும் கவனத்தை இம்மலைக்காட்சிகளுக்கும் தமிழாய்வாளர் காட்டுவதாயின், நிறம் நிற்கும்போதே பெங்களூர் சென்று காணுதல் வேண்டும்.