வாயிற்படியில் நின்ற மொழி: ஆங்கிலத் தேர்வும் முஸ்லிம்களும்

ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் நம் நகரங்களில் ஒரு காட்சியைக் காண்கிறோம். நான்கைந்து வயதுக் குழந்தையின் கையைப் பற்றியபடி பெற்றோர் பள்ளி அலுவலகத்தின் முன் காத்திருக்கின்றனர். உள்ளே அழைக்கப்பட்டதும் குழந்தையிடம் அதன் பெயரும், பழங்களின் பெயரும், நிறங்களின் பெயரும் ஆங்கிலத்தில் கேட்கப்படுகின்றன. தாயும் தந்தையும் ஆங்கிலம் பேசக்கூடியவர்களா என்பதும் கூடவே நோக்கப்படுகிறது. அல்ஹம்து சூராவைப் பிழையின்றி ஓதும் குழந்தை, ஆங்கில வினாவின் முன் தலைகவிழ்ந்து நிற்கிறது. சமுதாயப் புரவலர்களின் பொருளால் எழுந்த கல்விக்கூடங்கள் சிலவும் இவ்வழக்கத்திற்கு விலக்கல்ல என்பதே நம் உள்ளத்தை உறுத்துகிறது.

இவ்வழக்கம் நேற்றுத் தோன்றியதன்று. ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டு வரலாறு இதற்கு உண்டு. அவ்வரலாற்றின் பெரும்பகுதியில் நம் முன்னோர் வாயிலுக்கு வெளியே நின்றவர்கள். ஆகவே அந்த வாயில் எவ்வாறு கட்டப்பட்டது என்பதை அறிந்துகொள்வது நமக்குக் கடமையாகிறது.

1835 பிப்ரவரியில் மெக்காலே தம் புகழ்பெற்ற கல்விக் குறிப்பை எழுதினார். அடுத்த மாதமே ஆளுநர் தலைவர் பெண்டிங்க் அதனை அரசின் கொள்கையாக ஏற்றார். அக்கொள்கைக்கு எதிராகக் கல்கத்தா முஸ்லிம்கள் ஏறத்தாழ எண்ணாயிரம் பேர் கையொப்பமிட்டு விண்ணப்பம் அளித்தனர். 1837இல் நீதிமன்றங்களிலும் வருவாய்த் துறையிலும் பாரசீகம் தன் இடத்தை இழப்பதற்குச் சட்டம் வழிவகுத்தது. 1844 அக்டோபரில், ஆங்கிலக் கல்விக்கூடங்களில் பயின்றோருக்கே அரசுப் பணிகளில் முன்னுரிமை என்று ஹார்டிஞ்ச் ஆணையிட்டார். 1854இன் உட் அறிக்கையைத் தொடர்ந்து 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் பிறந்தன.

இப்பல்கலைக்கழகங்கள் தொடக்கத்தில் பாடம் நடத்தியவை அல்ல, தேர்வு நடத்தியவை. அவற்றின் முதல் படியே நுழைவுத் தேர்வு. அதில் ஆங்கிலம் கட்டாயப் பாடம். கல்கத்தாவில் தொடக்க ஆண்டுகளில் வரலாறு, புவியியல், கணிதம் ஆகியவற்றுக்கு மாணவர் தம் தாய்மொழியிலேயே விடை எழுத இடமிருந்தது. 1860களின் தொடக்கத்திலேயே அவ்வாய்ப்பு நீக்கப்பட்டு, எல்லாப் பாடங்களுக்கும் ஆங்கிலத்தில் விடையளிப்பது பொது விதியாயிற்று. இதன் விளைவை நாம் எளிதில் உணரலாம். கணிதம் அறிந்த மாணவன் ஆங்கிலம் அறியாவிடில் கணிதத்திலும் தோற்றவனானான். மொழி ஒரு பாடமாக இருந்த நிலை மாறி, எல்லாப் பாடங்களின் வாயிற்காவலனாக அது அமர்ந்தது. கல்லூரிகள் இத்தேர்வை நோக்கின. உயர்நிலைப் பள்ளிகள் கல்லூரிகளை நோக்கின. இவ்வாறு தேர்வின் நிழல் பள்ளிகளின் கீழ் வகுப்புகள் வரை நீண்டது.

முஸ்லிம்கள் பின்தங்கியதற்கு மார்க்கப் பிடிவாதமே காரணம் என்பது நெடுங்காலமாகக் கூறப்பட்டுவரும் விளக்கம். இதில் ஓரளவு உண்மை இருப்பதை நாம் மறுக்கவில்லை. ஆங்கிலத்தை ஐயத்துடன் நோக்கிய ஆலிம்கள் இருந்தனர். எனினும் 1824இல் மறைந்த தில்லிப் பேரறிஞர் ஷாஹ் அப்துல் அஸீஸ் அவர்கள், ஆங்கிலம் கற்பது ஆகுமானதே என்று அதற்கு முன்பே ஃபத்வா வழங்கியிருந்தார்கள். 1853இல் வங்கத்தின் அப்துல் லத்தீஃப், முஸ்லிம் மாணவருக்கு ஆங்கிலக் கல்வியால் விளையும் நன்மைகளைப் பற்றிப் பாரசீகத்தில் கட்டுரைப் போட்டி ஒன்றை அறிவித்து நூறு ரூபாய் பரிசும் வைத்தார். மறுபுறம், 1817இல் கல்கத்தாவில் எழுந்த இந்துக் கல்லூரி இந்து மாணவருக்கே உரியதாயிருந்தது. 1855இல் அது பிரஸிடென்ஸி கல்லூரியாக மாற்றப்பட்ட பிறகே ஏனையோர்க்கும் கதவு திறந்தது. விரும்பியவர்க்கும் வாயில் திறந்திருக்கவில்லை என்னும் இப்பகுதி, பிடிவாதக் கதையைச் சொல்வோரால் பெரும்பாலும் விடப்பட்டுவிடுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. முஸ்லிம் சிறுவன் முதலில் குர்ஆன் ஓதக் கற்றான். அதன் பிறகே ஏனைய கல்விக்கு வந்தான். பிற சிறுவர் ஆங்கில அரிச்சுவடியை முடித்த வயதில் அவன் அதைத் தொடங்கினான். தேர்வு அவனுடைய அறிவை அளந்ததைவிட, அவன் எந்த வீட்டிலிருந்து, எந்த வரிசையில் கற்று வந்தான் என்பதையே பெரிதும் அளந்தது.

இவ்வுண்மையை ஆட்சியாளரே ஒப்புக்கொண்ட தருணம் ஒன்று உண்டு. அது நிகழ்ந்தது நம் சென்னை மாகாணத்தில். முஸ்லிம்களின் கல்வி நிலை குறித்து 1871 ஆகஸ்டில் மேயோ பிரபுவின் அரசு தீர்மானம் நிறைவேற்றி மாகாண அரசுகளின் கருத்தைக் கேட்டது. அதன் தொடர்ச்சியாக 1872 ஜூலையில் சென்னை அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. நடப்பிலுள்ள கல்வித் திட்டம் இந்து மாணவரின் தேவையை மட்டுமே பெரிதும் கருதி அமைக்கப்பட்டது என்றும், பள்ளிகளில் முஸ்லிம்கள் குறைவாயிருப்பதில் வியப்பில்லை, இத்தனை இடர்களுக்கிடையே சிலரேனும் இருப்பதே வியப்பு என்றும் அவ்வாணை கூறியது. முஸ்லிம்கள் மிகுந்து வாழும் ஊர்களில் தொடக்கப் பள்ளிகளும், ஏற்கெனவே உள்ள பள்ளிகளில் தனி வகுப்புகளும் ஏற்படுத்துமாறு அது பணித்தது. உயர் வகுப்புகளில் சேரத் தகுதி தரும் அளவு ஆங்கிலத்தைச் சிறுவர் அங்கே கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே நோக்கம். வாயிலை அகற்ற அரசு எண்ணவில்லை. வாயிலுக்கு ஏறிச்செல்லப் படிகள் அமைக்க முற்பட்டது. அந்த அளவில் இது பாராட்டத்தக்கதே.

ஆயினும் அப்படிகள் எந்த மொழியால் அமைக்கப்பட்டன என்பதை இங்கு நோக்க வேண்டும். வகுப்புகள் இந்துஸ்தானியில், அதாவது உர்துவில் நடத்தப்பட வேண்டும் என்றது ஆணை. ஆர்க்காட்டிலும் சென்னைத் திருவல்லிக்கேணியிலும் வாழ்ந்த உர்து பேசும் குடும்பங்களுக்கு அது பொருந்திற்று. காயல்பட்டினத்து மரைக்காயர் வீட்டுச் சிறுவனுக்கோ, கம்பத்து இராவுத்தர் வீட்டுச் சிறுவனுக்கோ, லெப்பைமார் பிள்ளைகளுக்கோ உர்துவும் ஆங்கிலத்தைப் போலவே கற்று அறிய வேண்டிய மற்றொரு மொழிதான். முஸ்லிம் என்றால் உர்து பேசுபவன் என்னும் எண்ணம், தமிழ் பேசும் முஸ்லிம்களைப் படியின் கீழேயே விட்டுவிட்டது. அரபு எழுத்தில் தமிழை எழுதிப் படித்த அரபுத் தமிழ் மரபு நம் கடற்கரை ஊர்களில் செழித்திருந்தது. அவ்வெழுத்தறிவைக் கண்டுகொள்ளும் தேர்வு எதுவும் இருக்கவில்லை. அரபுத் தமிழ்க் கிதாபுகளைத் தடையின்றிப் படித்தவர், அரசின் வாயிலில் எழுத்தறியாதவராக நின்றனர்.

இந்நிலைக்கு நம் முன்னோர் இருவகையில் விடை தேடினர். தேர்வின் மொழியையே மாற்றுவது ஒரு வழி. 1867இல் ஸர் ஸையத் அஹ்மத் கான் முதலியோர், ஆங்கிலத்தில் கேட்கப்படும் பாடங்களையே நாட்டு மொழியில் கற்றுத் தேர்வெழுதிப் பட்டம் பெற வழிசெய்யுமாறு அரசுக்கு விண்ணப்பித்தனர். அது அன்று நிறைவேறவில்லை. ஸர் ஸையதே பின்னர்க் கருத்து மாறி, 1882இன் கல்விக் குழு முன் அம்மாற்றத்தை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அவ்விருப்பம் ஹைதராபாத்தில் 1918இன் அரச ஆணையால் நிறுவப்பட்ட உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தில் உருப்பெற்றது. அங்கே உர்து பயிற்றுமொழி. ஆங்கிலம் கட்டாயமாகக் கற்க வேண்டிய பாடம். பிற அறிவுத் துறைகளின் வாசலை அடைக்கும் உரிமை மட்டும் ஆங்கிலத்திற்கு வழங்கப்படவில்லை.

படிகளைத் தாமே கட்டுவது மற்றொரு வழி. 1875இல் அலிகரில் ஸர் ஸையத் தொடங்கிய பள்ளி அத்தகையது. இலங்கையில் கண்டி நகரத்து வழக்கறிஞர் சித்திலெப்பை, 1882இல் தொடங்கிய ‘முஸ்லிம் நேசன்’ இதழின் வழியாகத் தமிழிலேயே இவ்வுணர்வை ஊட்டினார். அங்கு நாடுகடத்தப்பட்டிருந்த எகிப்தின் அராபி பாஷாவின் ஊக்கமும் சேர, 1892இல் கொழும்பு மருதானையில் எழுந்த மத்ரஸா பிற்காலத்தில் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது. நம் பக்கத்தில் 1919இல் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியும், 1951இல் திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரியும் சென்னைப் புதுக் கல்லூரியும் தோன்றின. இவற்றை நிறுவியோர் வணிகப் பெருமக்கள். ஆங்கில வாயிலில் சமுதாயம் திருப்பியனுப்பப்பட்டதைக் கண்டு தம் பொருளை ஈந்தவர்கள் அவர்கள்.

அவர்கள் வழிவந்தோர் நடத்தும் பள்ளியின் வாசலில், ஆங்கிலம் பேசாத பெற்றோரின் பிள்ளை திருப்பியனுப்பப்படுமாயின், அது வரலாற்றை மறந்த செயலன்றி வேறென்ன?

பள்ளி நடத்துவோர் கூறும் நியாயத்தையும் நாம் செவிமடுக்க வேண்டும். இடங்கள் குறைவு, விண்ணப்பங்கள் மிகுதி, ஆங்கிலவழி வகுப்பில் அம்மொழி அறியாத குழந்தை இடர்ப்படும் என்கின்றனர். இடர்ப்படும் என்பது மெய்யே. ஆனால் மருத்துவமனை நோயாளியைச் சோதிப்பது மருந்து கொடுப்பதற்காக. நோயுற்றவரை வெளியே அனுப்புவதற்காக அன்று. குழந்தையின் ஆங்கில அறிவைச் சேர்த்துக்கொண்ட பின் அறிந்து, அதற்கேற்பக் கற்பிப்பது கல்வி. சேர்ப்பதற்கு முன் அறிந்து விலக்குவது, முன்பே கற்றவரை மட்டும் பொறுக்கியெடுக்கும் செயல். இடம் குறைவெனில் குலுக்கல் முறை இருக்கிறது.

2009இன் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் இதனை உணர்ந்தே, சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ தேர்வுக்கு உட்படுத்துவதைத் தன் 13ஆம் பிரிவில் தடை செய்தது. முதல் முறை மீறினால் 25,000 ரூபாய் வரை தண்டம் விதித்தது. ஆனால் சிறுபான்மையினர் கல்விக்கூடங்களுக்கு இச்சட்டம் பொருந்தாது என 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை மீண்டும் ஆராய வேண்டுமா என்னும் வினாவை 2025இல் அந்நீதிமன்றத்தின் மற்றோர் அமர்வு எழுப்பியுள்ளது. சட்டம் எவ்வாறு முடியினும், அரசியல் சாசனம் நமக்களித்த தனியுரிமை நம் எளிய மக்களின் பிள்ளைகளைக் காப்பதற்கே அளிக்கப்பட்டது. அவர்களைத் தடுக்கும் கேடயமாக அது பயன்படலாகாது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது, ஸைத் இப்னு ஸாபித் (ரலி) பதினொரு வயதுச் சிறுவர். பத்துக்கும் மேற்பட்ட சூராக்களை இவர் மனனம் செய்துள்ளார் என்று கூறி அவரைப் பெருமானாரிடம் அழைத்து வந்தனர். அச்சிறுவர் ஓதக் கேட்டு நபிகளார் மகிழ்ந்தார்கள். அதன் பின்னரே யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளுமாறு அவரைப் பணித்தார்கள். அரைத் திங்களுக்குள் அவர் அதில் தேர்ச்சி பெற்றார் என ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. பிற்காலத்தில் குர்ஆனைத் தொகுக்கும் மாபெரும் பணி அவரிடமே ஒப்படைக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சியின் வரிசையை நாம் கருதிப் பார்க்க வேண்டும். அச்சிறுவர் அறிந்திருந்தது முதலில் கேட்கப்பட்டது. அறியாத மொழி அதன் பின் கற்கப் பணிக்கப்பட்டது. அறியாததை முதலில் கேட்டுத் திருப்பியனுப்பியிருப்பின் இழப்பு அச்சிறுவருக்கு மட்டுமன்று. நம் பள்ளிகளின் வாசலில் தலைகவிழ்ந்து நிற்கும் குழந்தையிடமும், அது அறிந்ததை முதலில் கேட்போம். ஆங்கிலத்தை உள்ளே அழைத்துக் கற்பிப்போம்.