மதீனா மதுவை விட்ட வரலாறு

மது ஹராம் என்பதை அறியாத முஸ்லிம் இல்லை. ஆயினும் நம் மஹல்லாக்களில் குடிக்கும் வாலிபரும் குடும்பத் தலைவரும் இருக்கவே செய்கின்றனர். அறிந்தும் ஏன் குடிக்கின்றனர்? விடை மனித மனத்தில் இருக்கிறது. அம்மனத்தை அறிந்து மருந்திட்ட வரலாற்றை மதீனாவில் காண்கிறோம்.

அரபியருக்கு மது வெறும் பானம் அன்று. விருந்தும் நட்பும் குலப்பெருமையும் அதனோடு பிணைந்திருந்தன. எனவே தடை ஒரே நாளில் இறங்கவில்லை. மதுவின் பாவம் அதன் பயனைவிடப் பெரிது என்பது முதலில் உணர்த்தப்பட்டது. பின்னர், போதையோடு தொழுகையை நெருங்கலாகாது என்ற கட்டளை வந்தது. ஐவேளைத் தொழுகை நடக்கும் ஊரில் குடிக்கவும் தெளியவும் நேரம் ஏது? ஹிஜ்ரி 3-இல் உஹதுப் போரன்று காலையில்கூடச் சிலர் அருந்தியிருந்தனர். முழுத் தடை அதற்குப் பின்னரே வந்தது. அவ்வேளை அபூதல்ஹா (ரலி) அவர்களின் இல்லத்தில் பெரியவர்களுக்கு மது ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் பதின்வயது அனஸ் (ரலி). அறிவிப்பு காதில் விழுந்ததும் அத்தனையும் கொட்டப்பட்டு, மதீனாவின் தெருக்களில் ஓடியது. (இன்றும் இளையோர் மதுவை முதலில் காண்பது பெரும்பாலும் பெரியவர்களின் கையில்தானே!)

பலரும் கவனியாத செய்தி ஒன்று உண்டு. அப்துல் கைஸ் கூட்டத்தார் வந்தபோது, மது ஊறவைக்கும் சுரைக்குடுவை, மண்சாடி, குடைந்த மரப்பாத்திரம், தார் பூசிய பாத்திரம் ஆகியவற்றையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவற்றில் ஊறுவது விரைவில் போதையேறும் என்பது ஒரு காரணம். பழகிய பாத்திரம் பழைய ஆசையைக் கிளறும் என்பதும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன். மக்கள் மனம் உறுதிப்பட்ட பிற்காலத்தில் அப்பாத்திரங்களை அனுமதித்தார்கள். குடியை விட்டவரிடம், பழைய இடத்தையும் கூட்டாளிகளையும் தவிர்க்குமாறு இன்றைய மருத்துவரும் கூறுகின்றனர்.

தடைக்குப் பின்னரும் தவறியோர் இருந்தனர். அப்துல்லாஹ் என்றொரு தோழர். நபியவர்களைச் சிரிக்க வைப்பவர். குடித்ததற்காக அவர் மீண்டும் மீண்டும் கொண்டுவரப்பட்டுத் தண்டிக்கப்பட்டார். ஒருவர் பொறுமையிழந்து அவரைச் சபித்தார். நபியவர்கள் தடுத்து, இவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று சாட்சி கூறினார்கள். தண்டனை நின்றுவிடவில்லை, சாபம்தான் தடுக்கப்பட்டது.

மகன் குடித்தான் என்று வாசற்கதவை அடைக்கும் தந்தையே! வெட்கத்தால் வீடு திரும்ப முடியாதவன் எங்கே செல்வான்? அந்தக் குடித்தோழர்களிடமே அல்லவா? சகோதரனுக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவாதீர்கள் என்ற பொருளில் நபியவர்கள் எச்சரித்ததும் இத்தகைய வேளையில்தான்.

அப்துல்லாஹ்வின் செய்தியை நமக்கு அறிவித்தவர் யார் தெரியுமா? மார்க்கத்தில் கண்டிப்புக்குப் பெயர்பெற்ற உமர் (ரலி) அவர்கள்.